மிளகளவு ஓட்டை

சார், இன்று ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் உங்கள் படத்தை மாட்டினார்கள். சந்தன மாலையின் வாசனை உள்ளே வரை வந்தது. உங்கள் விரல் நுனியில் கண் இருந்ததாம், பேசிய எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கண்ணின் லட்சணம் எனக்குத் தெரியும். நீங்கள் கை வைத்துப் பார்த்த வயிற்றை அதற்குப் பிறகு வேறு எந்த டாக்டரும் தொடக்கூடாது என்று நம் யூனிட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள், ஏதோ சாமி பிரதிஷ்டை செய்ததுபோல. நான் உங்கள் ஜூனியராக இருந்தபோது வந்த, பிறந்து ஒரு நாளே ஆன அந்தப் பெண் குழந்தையின் வயிற்றை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் புற்றுக்கட்டி என்றீர்கள். பச்சையாக வாந்தி எடுத்தாள், மலம் போகவே இல்லை. அதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டா?

குழந்தையின் அப்பா சங்கரன்கோவிலிலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். அம்மா, கர்ப்பத்தில் ஊரில் எடுத்த ஸ்கேன் காகிதத்தை நீட்டினாள்.

"வயித்துக்குள்ள வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுதுன்னு அப்பவே சொன்னாக சார்."

டீக்கடைப் பக்கத்து ஸ்கேனெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று மலையாளத்தில் நக்கலடித்துவிட்டு நகர்ந்தீர்கள். இதே ஊரில், கரமனை வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் நீங்கள். வார்டில் கால் வைத்தால் மட்டும் அது மறந்துபோகும்.

நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். வயிறெங்கும் சுண்ணாம்புத் துகள்கள். கருவிலேயே குடல் ஓட்டையாகி, முதல் மலம் கசிந்து, அதைச் சுற்றிச் சவ்வு மூடி உருண்டையாகியிருந்தது. உடனே திறக்க வேண்டும் என்று உங்களிடம் சொன்னேன்.

"வயற்றில் கை வெச்சது ஞானோ, நீயோ?" என்றீர்கள் மலையாளத்தில், தொட்டுப் பார்த்தது நானா நீயா என்று. நீங்கள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தான். புற்றுக்கான ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று மூன்று நாள் கடத்தினீர்கள். நானும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் வயிறு சிவந்து மினுமினுத்தது. திறந்தோம். கரும்பச்சைக் குழம்பு, அதில் சீழ். சிறுகுடலில் மிளகளவு ஓட்டை. முதல் நாளே செய்திருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிற குழந்தை, மறுநாள் மதியம் இறந்துபோனாள்.

"முன்னாடியே கீறியிருந்தா பொழச்சிருக்குமா சார்?" என்று அந்த அம்மா உங்களைத்தான் கேட்டாள். உங்களுக்கு நன்றாகவே புரிந்தது. என் பக்கம் திரும்பி, ஒரு வழியும் இருந்திருக்காது என்று அவளிடம் சொல்லச் சொன்னீர்கள், அதையும் மலையாளத்தில்.

"இல்லம்மா, எப்பச் செஞ்சிருந்தாலும் பொழச்சிருக்காது" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தராவது எங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னீகளே டாக்டரம்மா."

இன்று என் யூனிட்டில் யார் வேண்டுமானாலும் வயிற்றில் கை வைக்கலாம், எதிர்த்துப் பேசலாம். உங்கள்மேல் இருக்கும் இளக்காரம் எனக்குக் கடுகளவும் குறையவில்லை, சார். ஆனால் அந்தப் பொய்யை நீங்கள் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். நான் சொன்னதால் நம்பினாள்.