மாப்பிள்ளை கம்பெனி ஷேர்

3 செப்டம்பர் 2007, திங்கள்

காலையில் ஷேர் ஆபீஸ் டிவியில் கீழே சிவப்புப் பட்டையில் ஒரு நியூஸ் ஓடியது. சென்னையில் ஏதோ ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்கு அமெரிக்க ஆர்டராம். நியூஸ் வாசிக்கிற பொண்ணு வாயைத் திறப்பதற்குள் "புடிங்க ராபின்" என்றேன். டீ ஆறுவதற்குள் விற்றும் ஆயிற்று. லாபம் ஒரு வேட்டி வாங்கும் அளவுதான். ஆனால் அந்த வேகம்! இந்தத் திருப்பூர் அவிநாசி ரோடு ஷேர் ஆபீஸில் அந்த வேகத்துக்கு இன்னொருத்தன் கிடையாது. கம்ப்யூட்டரில் ஆர்டர் போடுகிற ராபின் தூத்துக்குடிக்காரன். அவனே சொன்னான்: "அண்ணாச்சி, ஒங்களுக்குக் கண்ணு டிவியில, வாய் எங்கிட்ட. நடுவுல மூளைக்கு வேலையே இல்ல பாத்தியளா." பாராட்டுத்தான்.

டாலர் இறங்கிக்கொண்டே போகிறது. எக்ஸ்போர்ட்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் பனியனுக்கு இஸ்திரி போடுகிற என் அயர்ன் யூனிட்டில் பாதி டேபிள் சும்மா கிடக்கிறது. இருக்கிற வேலையை என் சம்சாரம் சாரதாமணி பார்த்துக்கொள்கிறாள். நான் பெரிய கம்பெனி ஷேர் எதையும் தொடுவதில்லை, அதெல்லாம் ஆமை. சின்ன சாப்ட்வேர், சின்ன மருந்துக் கம்பெனி, பயோடெக் — இதெல்லாம் ஒரு நியூஸ் வந்தால் வெடிக்கும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பயோடெக் பேசுகிறேன். கூடப் படித்தவன் எவனாவது பேசட்டும் பார்க்கலாம்.

5 செப்டம்பர்

நஷ்டம். எழுத ஒன்றுமில்லை.

9 செப்டம்பர், ஞாயிறு

சேவூரிலிருந்து தம்பி ஆத்தப்பன் வந்தான். மோனிஷாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. தம்பி மகள் என்றாலும் அவள் எனக்கும் மகள்தான். எம்.சி.ஏ. படித்த பெண். பையன் அவிநாசிபாளையம், பெயர் அர்த்தநாரி. வேலை ஐதராபாத்தில். என்ன கம்பெனி என்று கேட்டேன்.

"நீலோத்பல் பயோடெக்குங்களாமா, ண்ணா."

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. நீலோத்பல்! மூன்று மாதமாக நான் கண் வைத்திருக்கிற ஷேர். காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி செய்து சர்க்கார் அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள். அனுமதி வந்தால் ஷேர் எங்கே போய் நிற்கும் என்று அந்த முதலாளிக்கே தெரியாது.

"சம்பந்தம் நல்ல சம்பந்தம்டா" என்றேன். ஆத்தப்பன் தலையாட்டினான். அவன் பிறந்ததிலிருந்து அவன் பேச்சையும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

14 செப்டம்பர், வெள்ளி

குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளைப்பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார் பூசாரி. வெள்ளை வந்தால் செய்யலாம். வந்தது வெள்ளை. மோனிஷா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பெரீப்பா, நல்லாப் பாத்தீங்களா, வெள்ளைதானுங்களே?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு கல்யாண வீட்டில் பையனை முன்னமே பார்த்திருக்கிறாள் போல. பிடித்துப் போயிருக்கிறது, கழுதைக்கு.

அம்மன் மாப்பிள்ளையைச் சரி என்றால் மாப்பிள்ளையின் கம்பெனியையும் சரி என்றுதானே அர்த்தம்? கோயில் வாசலிலிருந்தே ராபினுக்குப் போன் போட்டு நீலோத்பல் வாங்கச் சொன்னேன். இருந்ததில் பாதிப் பணத்தைப் போட்டாயிற்று.

23 செப்டம்பர், ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் சேவூருக்கு வந்து பெண் பார்த்துப் போனார்கள். எல்லாருக்கும் திருப்தி. பையன் தங்கம். அடக்கம், கண்ணில் அறிவு. பார்த்தால் கொஞ்சம் என் சாயல். கை கழுவப் போனபோது தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஊசிக்கு எப்பங்க மாப்பிள்ளை அனுமதி?"

"அதைப் பத்தி வெளிய பேசக் கூடாதுங்க மாமா. நான் வேற செக்‌ஷனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சாயங்காலமே ஐதராபாத்துக்குக் கிளம்பியும் விட்டார். லீவைத் திடீரென்று ரத்து செய்துவிட்டார்களாம். ஒரு கம்பெனி எதற்காக லீவை ரத்து செய்யும்? வேலை குவிந்தால்தானே? வேலை எதனால் குவியும்? அனுமதி வந்தால்தானே?

சாரதாமணி பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "அந்தப் பையன் சிரிச்சது உங்க தொல்லை தாங்காமயுங்க." அவளுக்கு ஷேர் தெரியாது.

24 செப்டம்பர், திங்கள்

மீதிப் பணத்தையும் நீலோத்பலில் போட்டேன். ஆபீஸில் எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள்.

"எங்க மாப்பிள்ளை அங்கதானுங்க வேலை. வெள்ளிக்கெழமைக்குள்ள நியூஸ் வருதுன்னு அவுரே சொன்னாருங்க."

சொன்னார் என்றால் — அந்தச் சிரிப்பு சொன்னதுதான். வாயால் சொன்னால்தான் சொன்னதா?

ஆபீஸே வாங்கியது. நூல் கமிஷன் கடைக்காரர், சாயப்பட்டறை வைத்திருக்கிற டையிங்காரர், கீழே மெடிக்கல் கடைக்காரர்கூட. மதியத்துக்குள் ஷேர் ஒரு நாளில் ஏறக்கூடிய உச்சத்தில் போய் முட்டி நின்றது.

26 செப்டம்பர்

இன்றும் முட்டி நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தர் கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணுகிறார்: "நீலோத்பல் மகுடேஸ்வரனுங்களா?" ஆமாங்க என்றேன். ஷேர்காரர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிற இடத்தில் யாரோ எழுதியிருக்கிறான் என்று ராபின் காட்டினான். கம்பெனிக்குள் வேலை செய்கிறவரின் மாமனார் சொன்ன செய்தி என்று போட்டிருக்கிறது. இங்கிலீஷில்! நான் பெரிய மாமனார்தான். போகட்டும், ஒரு சொல்தானே விட்டுப்போயிற்று.

28 செப்டம்பர், வெள்ளி

நியூஸ் வந்தது.

ஊசியை இன்னும் சோதிக்க வேண்டுமாம். சர்க்கார் திருப்பி அனுப்பிவிட்டது. சிவப்புப் பட்டையைப் படித்து முடிப்பதற்குள் ஷேர் பாதாளத்தில். "வில்லுங்க ராபின், வில்லுங்க" என்று கத்தினேன். "யாருட்ட விக்க அண்ணாச்சி? விக்கதுக்கு ஊரே நிக்கி. வாங்கதுக்கு ஒரு ஆளு இல்ல."

டையிங்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வைதிருந்தாலும் தேவலை.

1 அக்டோபர், திங்கள்

ஆத்தப்பன் யூனிட்டுக்கே வந்துவிட்டான். உட்காரவில்லை.

"அண்ணா, மாப்பிள்ளையை வேலைக்கு வர வேண்டாமுன்னுட்டாங்களாமுங்க. கம்பெனி சமாச்சாரத்தை வெளிய சொன்னது நீதானேன்னு விசாரணையாமா. இன்டர்நெட்டுல திருப்பூருன்னு போட்டிருக்குதாம். வேலை போச்சுன்னா சம்பந்தம் வேண்டாமுன்னு அவங்கப்பா சொல்லீட்டாருங்க."

அவன் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் மோனிஷா போன் பண்ணினாள். "பெரீப்பா, அவுரு உங்ககிட்ட என்னதானுங்க சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லுல கண்ணு."

"அப்பறம் ஏனுங்க சொன்னாருன்னு சொன்னீங்க?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஏன் சொன்னேன்? ஏன்டா சொன்னே மகுடேஸ்வரா? அந்தப் புள்ளை உனக்கு என்ன பண்ணுச்சு?

3 அக்டோபர்

ஷேர் ஆபீஸில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: மாப்பிள்ளை எனக்கு எதுவும் சொல்லவில்லை, நானே இட்டுக் கட்டியது. நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. நூல் கமிஷன்காரர் என் தோளைத் தட்டி, "மாப்பிள்ளையைக் காப்பாத்தறக்கோசரம் பழியத் தூக்கித் தம்மேல போட்டுக்கறீங்க பாருங்க, நீங்க பெரிய மனுசனுங்க" என்றார். ஒருத்தர்கூட நம்பவில்லை. வாழ்நாளில் நான் சொன்னது எதையும் சந்தேகப்படாதவர்கள்.

இங்கே சொல்லி ஆகாது. மாப்பிள்ளைக்குப் போனில் சொல்லிவிட்டு ஐதராபாத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

6 அக்டோபர், சனி, ஐதராபாத்

ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையே வந்திருந்தார். ஒரு கடையில் இட்லி வாங்கிக் கொடுத்து, "சட்னி காரமுங்க மாமா, பாத்துச் சாப்பிடுங்க" என்றார்.

கம்பெனியில் விசாரித்த அதிகாரி நெல்லூர்ப் பக்கம், தமிழ் பேசினார். ஏசி ரூம். வழக்கமாக அப்படிப்பட்ட இடத்தில் நான் நிறையப் பேசுவேன்.

"அவர் என்ன சொன்னார்?"

"பேசக் கூடாதுன்னு சொன்னாருங்க."

"அப்புறம் நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பெருமைக்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

பிறகு அதையே எழுதிக் கையெழுத்து வாங்கினார். இங்கிலீஷில் கையெழுத்துப் போட எனக்கு வரும். தமிழிலேயே போட்டேன்.

17 அக்டோபர், புதன்

மாப்பிள்ளையை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். செக்‌ஷன் மட்டும் மாற்றம், கொஞ்சம் சின்ன இடம். ஐதராபாத்தில் நான் பேசிய பேச்சில் அந்த அதிகாரி ஆடிப்போய்விட்டார் என்று சாரதாமணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சம்பந்தி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஆத்தப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கல்யாணம் வெச்சுக்கலாமுங்களாமா. ஆனா உங்கண்ணன் வாயில எம்பட பையன் வேலையப் பத்தி ஒரு சொல் வரப்படாதுங்கறாரு."

சரி என்றேன்.

மோனிஷா இன்னும் என்னோடு பேசவில்லை.

2 நவம்பர்

நீலோத்பலை விற்றாயிற்று. போட்டதில் கால்வாசி வந்தது. யூனிட்டில் நானே ஒரு டேபிளில் நின்று அயர்ன் போடுகிறேன். என் மடிப்புக்கு இந்தத் திருப்பூரிலேயே ஆள் கிடையாது.

25 நவம்பர், ஞாயிறு

கல்யாணம். ஐயாயிரம் பேர். சாரதாமணி ஆயிரம் என்கிறாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. டையிங்காரர்கூட வந்து மொய் வைத்தார். ராபின் வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, நேத்து ஒரு மருந்துக் கம்பெனி நியூஸ் கேட்டியளா?" என்று ஆரம்பித்தான். பந்தியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன்.

தாலி கட்டி முடிந்தது. மேடை ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், பின்னாலேயே சம்பந்தி. காங்கேயத்திலிருந்து வந்திருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர் ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏனுங்க மகுடண்ணா, மாப்பிள்ளைக்கு எங்கீங்க வேலை? என்ன கம்பெனி?" என்றார்.

மேடையில் மோனிஷா குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள். ஆத்தப்பன் தேங்காய்த் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"தெரியாதுங்க" என்றேன்.

மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை என்னவென்று அவளைக் கேட்டார்.

காங்கேயத்துக்காரர் விடவில்லை. "சும்மா சொல்லாதீங்க மகுடண்ணா. உங்களுக்குத் தெரியாததா!"

நான் பந்திக்கு ரசம் போதவில்லை என்று சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டேன்.