மிஷன் பெட்டி

சிஸ்டர்,

நம் ஆபரேஷன் தியேட்டரைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றுகிறார்கள். இன்று காலை பழைய அலமாரியின் உச்சியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார்கள். திறந்ததும் ஸ்பிரிட்டும் கையுறைப் பவுடரும் கலந்த பழைய வாசனை முகத்தில் அடித்தது. பக்கவாட்டில் 'மிஷன்' என்று என் கையெழுத்து. இது என்ன என்று புதிதாக வந்த நர்ஸ் கேட்டாள். குப்பை என்றேன். உங்கள் காலத்தில் அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலாவதியான தையல் நூல், ஊசி, கையுறை எதையும் எறிய மாட்டோம். அந்தப் பெட்டியில் போடுவோம். தூத்துக்குடியின் மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்தும் புண்ணியமாகப் போகட்டும் என்று அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் ஒரு மலையூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஊழியமாக அறுவை செய்யப் போவேன். பெட்டியும் கூடவே வரும். கிளம்புமுன் சபையார் அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார்கள். முத்தையாபுரத்து உப்பளத் தொழிலாளிக்குக்கூட நாம் போடத் துணியாத சாமான் அது. கடல் தாண்டினால் காணிக்கையாகிவிடும்.

வேம்பாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண் நீங்கள். மாதாவுக்குத் தெரியாமல் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்று கேலி செய்வேன். முதல்முறையாக எங்களோடு புறப்பட்ட வருடம், பெட்டி கட்டும்போது ஓர் உறையைக் கிழித்து, நூலை இரண்டு விரலில் சுற்றி இழுத்தீர்கள். பட்டென்று அறுந்தது.

"இத நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் போடுவீயளா சார்?"

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றேன். என்னோடு நின்ற இளம் டாக்டர்கள் சிரித்தார்கள்.

"இலுப்பைப்பூ தின்னு யாரும் சாவ மாட்டாவ சார்."

அப்போது அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அதற்காகவே உங்களைப் பழிவாங்கினேன். நர்ஸ் நர்ஸ் வேலையைப் பார்த்தால் போதும், டாக்டர் வேலைக்கு ஆள் இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். உங்கள் காது சிவந்தது. எனக்கு அது திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அங்கே மலையூரில் கடைசி நாளில், வயிற்றில் பெரிய கட்டியோடு ஓர் இளம் தாயைக் கொண்டுவந்தார்கள். கட்டியை எடுத்தாயிற்று. வயிற்றை மூடும் நேரத்தில் நல்ல நூல் தீர்ந்திருந்தது. கை நீட்டினேன். பெட்டி நூலை வைத்துக்கொண்டு நீங்கள் தராமல் நின்றீர்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கேட்கலாம், அதுவரை ஈரத்துணியால் மூடிவைக்கலாம் என்றீர்கள். அதிகாலை விமானம் என்றேன். மறுபடி கை நீட்டினேன். மூன்றாவது முறைதான் தந்தீர்கள்.

தையல் பிரிக்கும்வரை இருக்கிறேன் என்று நீங்கள் மட்டும் தங்கிவிட்டீர்கள். அன்னை தெரசாவாகப் பார்க்கிறாள் என்று விமானத்தில் உங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாம் நாள் அவள் இருமினாள். தையல் முழுக்க விட்டுப் போயிற்று. வெளியே வந்த குடலை ஈரத்துணியில் ஏந்திக்கொண்டு, உள்ளூர் டாக்டர் வரும்வரை அசையாமல் நின்றீர்களாம். அவர் வந்தும் பயனில்லை. 'அந்தப் பிள்ளை இறந்துட்டா சார்' என்று செய்தி அனுப்பினீர்கள். வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அதைப் படித்தேன்.

அவளுக்கு ரத்தசோகை இருந்தது, இருமல் இருந்தது; நூல் மட்டுமே காரணமென்று எந்த நிபுணரும் சொல்ல முடியாது. இன்றும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் நீங்கள் இழுத்துப் பார்த்த நூல் அறுந்ததை நான் பார்த்தவன்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் நான் சாட்சி சொன்னேன். திரையில் அவள் படம், ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்தது. இந்தச் சகோதரி சுகமாக வீடு திரும்பினாள் என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. கடைசி பெஞ்சில், முக்காடு போட்டு, அங்கிருந்து வந்து இறங்கிய கையோடு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அன்று ஆலயத்தில் அசன விருந்து வேறு. பந்தியில் எனக்கு எதிரே வந்து அமர்ந்தீர்கள்.

"என் மெசேஜ் வரலியா சார்?"

வந்தது என்றேன்.

"பொறவு ஏன் அப்படிச் சொன்னீய?"

உண்மையைச் சொன்னால் சபை சோர்ந்துபோகும், அடுத்த வருட ஊழியம் நின்றுபோகும் என்றேன். நீங்கள் சோற்றைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனீர்கள். அடுத்த மாதமே உங்களைத் தியேட்டரிலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். காரணம் கேட்கவும் நீங்கள் வரவில்லை. சபையில் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

போன வருடம் குடலில் புற்றோடு என் மேஜைக்கே வந்தீர்கள். ஊரில் வேறு சர்ஜன் இல்லாமலா? ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மயக்க மருந்து ஏற்றுமுன் என் கையைத் தொட்டீர்கள்.

"சார், நல்ல நூல்தான?"

குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் பயந்து கேட்டீர்கள். உறையை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்துத் தேதியைக் காட்டினேன். நிதானமாக வாசித்துவிட்டுக் கண்ணை மூடினீர்கள். தையல் கடைசிவரை நின்றது. நோய்தான் ஆறு வாரத்தில் உங்களைக் கொண்டுபோனது.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று அந்தப் பெண்ணும் மயங்குமுன் இப்படித்தான் என் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள். அவர்கள் மொழி தெரிந்தவர் கதவுக்கு வெளியேதான் நின்றார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எனக்கு அவசரம். சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினேன். அவளும் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு இன்னும் தெரியாது, சிஸ்டர்.