தலைவர் வெளிக்கிட்டுப் போன காலை

அக்கா,

போன வியாழக்கிழமை எங்கள் அஜக்ஸ் முதியோர் சங்கம் ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மாகாணச் சட்டசபை பார்க்கப் போனது. நானும் போனேன். அந்தக் கட்டடத்துக்குள் முன்வாசலால் நான் போனது இதுதான் முதல் தடவை. காவலுக்கு நின்ற பொடியன் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாக வழிவிட்டான். படியேறித் திரும்பினதும் அந்த மணம் வந்தது. மரத்துக்குப் பூசுவோமே, எலுமிச்சை மணக்கிற பொலிஷ், அதுதான். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது, பொலிஷ் மாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அன்ரி முழங்கால் நோகுதோ என்று கேட்டா. ஓம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சுற்றிக் காட்டிய பெண்பிள்ளைக்கு இருபது வயதுதான் இருக்கும். பழைய கட்சித் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும் நடைவழியில் எங்களை நிறுத்தி, தலைவர்கள் எப்படி வருகிறார்கள் என்று விளக்கினாள். முன்னொரு காலத்தில் சட்டசபை உறுப்பினர்களே ஒரு அறைக்குள் கூடித் தங்கள் தலைவரைத் தெரிவு செய்தார்களாம். பிறகு ஊர் ஊராகப் பிரதிநிதிகள் வந்து மாநாடு வைத்தார்களாம். இப்போது கட்சி உறுப்பினர் எல்லோரும் வீட்டில் இருந்தபடியே வாக்குப் போடுகிறார்களாம். எங்கள் செயலாளர் அதை மூச்சு வாங்க வாங்கத் தமிழாக்கினார். இதையே நீங்கள் எனக்கு எவ்வளவு சுருக்கமாகச் சொன்னீர்கள்.

“முதல் பெரியாக்கள் பேசி முடிச்ச கலியாணம். பிறகு ஊர்கூடிச் செய்த கலியாணம். இப்ப பிள்ளையள் போனிலை பாத்துச் செய்யிற கலியாணம். எப்பிடிச் செய்தாலும், மாப்பிளை பிழைச்சால் பிழைச்சதுதான்.”

சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, ஏதும் கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த சரித்திரம் அவளுடைய தாளில் இல்லை.

அந்த நாளில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் நீங்கள் பன்னிரண்டாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. விடிய முதல் லிப்டுக்குள் சந்தித்து, வெல்லெஸ்லி தெருவால் நடந்தே இந்தச் சட்டசபைக் கட்டடத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போவோம். பனிக்காலத்தில் நீங்கள் முன்னால் போவீர்கள், உங்கள் சப்பாத்துத் தடத்தில் நான் கால் வைத்து வருவேன். என்னைவிட நான்கு வயதுதான் கூட. ஆனால் எனக்கு முன்னமே அந்தத் துப்புரவுக் கொம்பனியில் சேர்ந்தவர் என்பதால், எதிர்க்கட்சித் தலைவரின் அறையிலிருந்து இரண்டு பேர் வெளியேறியதை ஏற்கெனவே பார்த்திருந்தீர்கள். மூன்றாமவரின் காலத்தில் நான் வந்து சேர்ந்தேன்.

அந்த மூன்றாமவருக்கு நீங்கள் வைத்த பெயர் ‘கோப்பை கழுவி’. குடித்த கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிடுவார். நாங்கள் கூட்ட உள்ளே போனால், மற்றவர்களைப் போல இருந்தபடி காலைத் தூக்காமல், எழுந்து வெளியே போய் நிற்பார். அவருடைய அரசியல் என்ன நிறம் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நல்ல மனுசன் என்பது மட்டும் தெரியும்.

தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. அவரை மாற்றப் போகிறார்கள் என்று பேப்பரில் ஒன்றும் வரவில்லை, தொலைக்காட்சியிலும் இல்லை. ஆனால் நீங்கள் திங்கட்கிழமைகளில் மேசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். முன்பெல்லாம் தலைவரின் அறையில் அவரைப் பார்க்க வந்தவர்கள் குடித்த பத்துப் பன்னிரண்டு கோப்பை கிடக்கும். அது எட்டாகி, ஐந்தாகி, ஒரு திங்கள் இரண்டாகிவிட்டது. நடைவழிக்கு அந்தப் பக்கம், அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவருடைய அறையில் மேசை கொள்ளாமல் கோப்பை.

“ஆர் தலைவர் எண்டு கதவிலை எழுதியிருக்கும். ஆர் தலைவராகப் போறார் எண்டு கோப்பை சொல்லும்,” என்றீர்கள். அன்றைக்கு அவருடைய மேசைக்கு மட்டும் இரண்டு தரம் பொலிஷ் போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, தனிச்சுப்போன மனுசன், மேசையாவது பளிச்செண்டு இருக்கட்டும் என்றீர்கள்.

இரண்டு கிழமையில் அது நடந்தது. முதல் நாள் பின்னேரம் கட்சியின் சட்டசபை உறுப்பினர்கள் கூடிப் பேசி, அவரை விலகச் சொல்லியிருந்தார்கள். மாநாடு கூடும்வரைக்கும் அந்த அடுத்த நிலைக்காரர்தான் தற்காலிகத் தலைவர். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு இவர் இரண்டு பெட்டியோடு புறப்பட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் கை தந்தார். உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

ஒன்பது மணிக்குப் புதுத் தலைவரும் படம் பிடிக்கிறவர்களும் வருகிறார்கள், உடனே அறையைச் சுத்தமாக்குங்கள் என்று சுப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். நான் தூசி உறிஞ்சுகிற வக்கூம் மெசினை இழுத்து வந்தேன். நீங்கள் அதன் பிடியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றீர்கள்.

“பொறும். அந்தாள் இப்பதானே வெளிக்கிட்டது. வீடு போய்ச் சேரட்டும், பிறகு கூட்டுவம்.”

ஒருவர் வெளிக்கிட்டுப் போனவுடன் வீடு கூட்டினால் அவர் திரும்பி வரமாட்டார் என்ற சாத்திரம் எனக்கும் தெரியும். ஆனால் இது வீடா, அவர் எங்கள் உறவா? தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரி உங்களுக்கு வந்த சாத்திரத்தைப் பாருங்கோ என்று பகிடி பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டீர்கள். நெடுஞ்சாலையால் நாற்பது நிமிடம் என்று அவரே எப்போதோ சொல்லியிருந்தார், அதைச் சொன்னேன்.

எட்டேகாலுக்குச் சுப்பர்வைசர் திரும்பி வந்தார். நிலம் தொடாமல் கிடந்தது. ஏன் என்று கேட்டார். உங்களுக்கு அதை இங்கிலீசில் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. வேலை செய்ய விருப்பமில்லாதவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். யாரால் தாமதம் என்று கேட்டபோது நான் உங்களைப் பார்த்தேன். அந்தப் பார்வை அவருக்குப் போதுமாயிருந்தது.

அந்தக் கிழமைதான் எனக்கு வேலைக் கடிதம் தருவதாக இருந்தார். கொழும்பில் லொட்ஜில் கிடந்த என் மனுசனையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிட அந்தக் கடிதம் வேண்டும். அதைத் தவிர வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் கையிலிருந்து மெசினைப் பறித்தேன். ஓம் அக்கா, பறித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் இறுக்கித்தான் பிடித்திருந்தீர்கள். எட்டரைக்கு முதலே அறை முழுவதையும் கூட்டி முடித்துவிட்டேன்.

அடுத்த கிழமை உங்களைக் கீழ்த்தளக் கழிப்பறைகளுக்கு மாற்றினார்கள். நீங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “உம்மட மனுசன் வந்து சேர வேணும், உந்தக் கதையை விடும்,” என்று வெட்டிவிட்டீர்கள். அவர் வந்த அன்று விமான நிலையத்துக்குத் தடித்த கோட்டு ஒன்றோடு வந்ததும் நீங்கள்தான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதை நன்றி சொல்லித் தீர்த்துக்கொண்டேன்.

உங்கள் மனுசன் மன்னாரில் காணாமல் போனவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கு ஆள் அப்படி ஒன்று இருந்தது.

நீங்கள் கண் மூடிய பிறகு, அப்பார்ட்மென்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மகன் என்னை உதவிக்குக் கூப்பிட்டான். கட்டில், அலுமாரி எல்லாம் எடுத்துவிட்டோம். நான் நிலத்தைக் கூட்டத் தொடங்க, அவன் யன்னல் பக்கம் நின்று சொன்னான்.

“அம்மா ஆரும் வந்திட்டுப் போனால் உடன கூட்டமாட்டா, தெரியும்தானே அன்ரி? அப்பா அண்டைக்குச் சைக்கிளிலை வெளிக்கிட்டவர். அவர் ஒழுங்கை தாண்ட முதல் அம்மா முற்றத்தைக் கூட்டிப்போட்டாவாம். நான்தான் அனுப்பிப்போட்டன் எண்டு கடைசிமட்டும் சொன்னவ.”

விளக்குமாற்றைச் சுவரோடு சாத்தினேன். அவன் தண்ணீர் எடுத்து வந்தான். கண்ணுக்குள் தூசி என்று சொன்னேன். அன்றைக்கு நீங்கள் அந்தத் தலைவருக்காக மட்டும் மறித்து நிற்கவில்லை என்பது, இவ்வளவு காலம் கழித்துத்தான் என் மண்டைக்குள் ஏறியது.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை கோப்பை கழுவியின் படத்தையும் காட்டினாள். இவர் தானாகவே விலகினார், அதற்குப் பிறகு அரசியலுக்குத் திரும்பவில்லை என்று வாசித்தாள். எல்லோரும் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். நான் நின்றேன். சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அக்கா. ஆனாலும் அந்த மெசினின் சத்தம் திரும்பக் கேட்டது போல இருந்தது.

என் மனுசன் வந்து சேர்ந்தார். இப்போதும் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு சத்தம் போடுகிறார். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இன்னொரு தரம் வந்தாலும் அதற்காக அலைவேன். என்னை அரிக்கிறது வேறு. அந்தத் தலைவர் எட்டு மணிக்குப் போனார். நாற்பது நிமிடம் என்று நானே சொன்னேன். அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கினாலும், அந்த அறையைக் கூட்டி முடிக்கப் பத்து நிமிடம் காணும். சுப்பர்வைசரிடம் இரண்டு வசனம் இங்கிலீசில் சொல்லியிருந்தால் போதும். படம் பிடிக்கிறவர்கள் அன்றைக்கு ஒன்பதரைக்குத்தான் வந்தார்கள்.

நேரம் இருந்தது, அக்கா.