அமாவாசை கிட்டார்

நாலு கம்பியையும் என்னையும் விட்டுவிட்டுப் போன என் மாமாவுக்கு,

சிவகாமி எழுதுகிறேன். உங்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள் வருகிற மாதம் உங்கள் முதலாண்டு நினைவுக்கு ஒரு கச்சேரி வைத்து, சின்னதாக ஒரு மலரும் போடுகிறார்கள். குழுவை நடத்துகிற கோபால் அண்ணன் வந்து, உனக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன் என்றார். உங்களோடு பேச எனக்கு அரைப் பக்கம் போதுமா? போட்டால் முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் தறியில் உட்கார்ந்தால் வெயில் சாயும்போதுதான் எழுந்திருக்கிறேன். நம் தெருவில் இன்னும் மூன்று தறி கூடியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் சத்தத்துக்குப் பஞ்சமா? எதிர்வீட்டுக்காரி இங்கிருந்து நான் கத்தினால் அங்கிருந்து கையைக் காட்டுகிறாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது.

சேதி அதுவல்ல மாமா. கறுப்பியை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அச்சில் படிக்கிறவர்கள் கறுப்பி யாரோ என் சக்களத்தி என்று நினைத்துவிடப் போகிறார்கள். பாதி உண்மைதான். கறுப்பி என்றால் உங்கள் பேஸ் கிட்டார். பேர் வைத்தது நான். அது வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு முறை கேளுங்கள், நடுவில் குறுக்கே பேச முடியாதே உங்களால்.

அதுவரைக்கும் கழுத்து வளைந்த ஒரு கிட்டாரைக் கோபால் அண்ணனிடம் இரவல் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தீர்கள். பெரம்பூரில் வின்சென்ட் என்று ஒரு ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறார், அவரிடம் இரண்டு பேஸ் கிட்டார் இருக்கிறது, ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்துப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினீர்கள். அவர் பணம் கேட்கவில்லை. அவர் வீட்டம்மா ஊரை விட்டுப் போகும்போது ஒரு காஞ்சிபுரம் பட்டுப்புடவை எடுத்துப்போக ஆசைப்பட்டார்கள். புடவை கொடு, இரண்டில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள் என்றாராம்.

நாம் நெய்கிற புடவை எது நம்முடையது? எல்லாம் முதலாளி கொடுத்த பட்டு. நமக்கென்று இருந்தது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் நான் நெய்ய, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடாக்கட்டையைத் தள்ளிக் கொடுத்தீர்களே, அந்த மாம்பழ நிறப் புடவை. கட்டிக்கொள்ள மனசு வராமல் பெட்டியிலேயே வைத்திருந்தேன். நீங்கள் வாய் திறந்து கேட்கவில்லை. சாப்பிடும்போது அந்தப் பெட்டியை ஒரு தடவை பார்த்தீர்கள், அவ்வளவுதான். மறுநாள் நானே எடுத்து மேலே வைத்தேன். அப்போது சொன்னீர்கள்:

“உன் புடவைமா அது. எந்த கிட்டாருன்னு நீதான் சொல்லணும்.”

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வின்சென்ட் சார் அமாவாசையன்று வந்தார். அன்றைக்குத்தானே நம் தெருவில் தறி ஓடாது, நமக்கும் வேலை கிடையாது. இரண்டு கிட்டாரையும் தூக்கிக்கொண்டு அந்த வயசில் அவர் தெருவில் நடந்து வந்ததை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டோம். குழுவின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி தரையை அடைத்துக்கொண்டது. எனக்கு உட்கார வேறு இடம் ஏது? தறியில் போய் உட்கார்ந்து, வழக்கம்போலக் காலைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டேன்.

முதலில் சிவப்பாக இருந்ததை, அதற்குச் செவப்பி என்று பேர் வைத்தேன், வாசித்தீர்கள். நல்ல பளபளப்பு, ஜப்பான் சரக்கு என்றார் அவர். ஒவ்வொரு கம்பியும் டங் டங்கென்று தெளிவாகப் பேசியது. குமிழை இப்படித் திருப்பினால் ஒரு டோன், அப்படித் திருப்பினால் இன்னொரு டோன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தபோதுகூட உங்கள் முகம் அப்படி மலரவில்லை. அப்புறம் கறுப்பியை எடுத்தீர்கள். உள்ளே கூடாக இருக்கிற பழைய கிட்டார், மூலையில் சாயம் போயிருந்தது. தும் என்று ஒரு அடி அடித்தீர்கள். அது காதில் வந்து நிற்கவே இல்லை. தரை வழியாக இறங்கிக் குழிக்குள் வந்து என் உள்ளங்காலைத் தொட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது மாமா. இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

“இதுதான். இது கால்ல கேக்குது” என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். வின்சென்ட் சார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்பியைத்தான் அவர் தனக்கென்று நினைத்து வைத்திருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் எது பிடிக்கிறதோ என்று வாக்குக் கொடுத்துவிட்டாரே. கைக்குட்டையை எடுத்துக் கறுப்பியின் கழுத்தைத் துடைத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு, புடவையையும் செவப்பியையும் வாங்கிக்கொண்டு போனார். கப்பலும் போய்விட்டது.

மறுநாள் விடிந்தது. தெருவில் அத்தனை தறியும் கிளம்பியது. நீங்கள் கறுப்பியை மடியில் வைத்து வாசிக்கிறீர்கள், விரல் அசைவது தெரிகிறது, சத்தம் ஒரு துளி கேட்கவில்லை. பெட்டியின் வால்யூமைக் கூட்டினால் கொர்ரென்று இரைந்ததே தவிர வேறொன்றும் இல்லை. பட்டுப் புடவையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கு, விளக்கு வெளிச்சத்தில் வாங்காதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர்கள் நாம். மாசத்தில் ஒரே ஒரு நாள் தெரு ஊமையாகிற அமாவாசையில் உட்கார்ந்து கிட்டாருக்கு டோன் பார்த்தோம். இந்தத் தப்பைக் காஞ்சிபுரத்துக்காரர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

சின்ன காஞ்சிபுரத்துத் திருவிழாக் கச்சேரியில் மானம் போயிற்று. மரத்திலும் கம்பத்திலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் கறுப்பியின் சத்தம் ஏறவே இல்லை. கூட்டத்தில் ஒருத்தன், அந்தக் கடைசி ஆளு சும்மா சொரிஞ்சிக்கினு நிக்கிறாரு என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். குழுவிலேயே அதற்கு ‘அமாவாசை கிட்டார்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் காபி கொண்டுவந்து வைக்கிறேன், நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்:

“காதைக் கேட்டு வாங்க வேண்டியத, உன் காலைக் கேட்டு வாங்கினேன் பாரு.”

அடிகூடத் தாங்கியிருப்பேன் மாமா. என் புடவையைக் கொடுத்து வாங்கியது என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். விழுங்கினேனே தவிர சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் உங்களுக்கு மட்டும் உப்பில்லாமல் ரசம் ஊற்றினேன். நீங்களும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தீர்கள். அழுத்தக்காரர்.

மூன்றாம் நாள் நான் தறியில் இருக்கிறேன். கறுப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். என் கையைப் பிடித்துத் தறியை நிறுத்தினீர்கள். பெட்டியும் இல்லை, கரண்டும் இல்லை. கறுப்பியின் அடிப்பக்கத்தைத் தறிக்காலோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாசித்தீர்கள். தெருவெல்லாம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. மரத்தில் ஏறி, மிதிப்பலகையில் இறங்கி, என் காலுக்கு மட்டும் வந்தது. வருதா என்று கேட்டீர்கள். வருது என்றேன். 

அதற்கப்புறம் நீங்கள் வீட்டில் வாசித்ததெல்லாம் அப்படித்தான். கம்பி கொஞ்சம் தளர்ந்தால் நான் சொல்லிவிடுவேன். மேடையிலும் கறுப்பியை மாற்றவில்லை. மாற்று மாற்று என்று எல்லோரும் சொல்லியும் மாற்றவில்லை. என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்றுதான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குள் ஒரு முள் இருந்தது. நீ எடுத்தது சரிதான் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் வாயால் வந்ததா? போன வருஷம் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்காமலே போயிற்று.

ஐயம்பேட்டையில் ஒருத்தர் புதிதாகக் குழு சேர்க்கிறார். அவர்தான் கறுப்பியைப் பார்க்க வந்தார். வந்தது வேலைநாளில். மடியில் வைத்துத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். என்னம்மா இது, செத்த கிட்டாரா இருக்குது என்றார். எனக்கு வந்ததே கோபம். செத்தது கிட்டார் இல்லை ஐயா, அதை வாசித்தவர் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் மனசு கேட்காமல், அமாவாசையன்று வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். விற்றுவிடுவது என்றுதான் இருந்தேன் மாமா. சும்மா சுவரில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முள் குத்தியது.

போன அமாவாசையன்று சொன்னபடி வந்தார். கோபால் அண்ணன் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு உங்கள் குழுவில் பாடுகிற சரோஜாவும் வந்து நின்றாள். ஐயம்பேட்டைக்காரர் வாசித்தார். ஊமைத் தெருவில் கறுப்பி தும் என்று எழுந்தாள். அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. நான் குழியில் காலை விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், சரோஜா தறிக்குழி ஓரத்தில் வெறுங்காலோடு அசையாமல் நிற்கிறாள். கண்ணில் தண்ணீர்.

என்னடி என்றேன்.

“அண்ணன் போனதிலேர்ந்து எனக்கு மேடையில கால் நிக்கலக்கா. புதுசா வந்தவரு வாசிக்கிறது நல்லா கேக்குது. கால்ல வரல.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். முன்னே ஒரு நாள் சுருதி நிற்காமல் அவள் தடுமாறியபோது, செருப்பைக் கழட்டிவிட்டுப் பலகையில் நின்று பாடு, பாட்டுத் தானாகப் பிடிபடும் என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். அன்றிலிருந்து அவள் செருப்போடு மேடை ஏறியதே இல்லையாம். கேலி செய்கிறார்களே, இந்த அமாவாசை கிட்டாரை மாற்றக் கூடாதா அண்ணா என்று அவள் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் சொன்னாள்.

“இது எம் பொண்டாட்டி எடுத்தது. எனக்குக் காதுதான் இருக்குது, அவளுக்குக் கால்லயே காது. அவ எடுத்ததுதான் சரின்னு சொன்னாருக்கா. சிரிச்சிக்கினே சொன்னாரு.”

நான் அழுதேன். வந்தவர் எதிரிலேயே அழுதேன். அழுது முடிந்ததும் பயங்கரமாகக் கோபம் வந்தது. ஏன் மாமா, சரோஜாவிடம் சொல்லத் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாத ரசம் குடிக்கத் தெரிந்தது, இதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? பொண்டாட்டியிடம் சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? இத்தனை வருஷம் முள்ளோடு இருந்தேனே. நேரில் இருந்திருந்தால் ஒரு மாசத்துக்கு உப்பு கிடையாது உங்களுக்கு.

ஐயம்பேட்டைக்காரர் நல்ல மனுஷர். கறுப்பியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, இது இங்கயே இருக்கட்டும்மா என்றார். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. காபி கொடுத்து, வேறு எங்கே கிட்டார் பார்க்கப் போனாலும் சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள், சத்தத்துக்கு நடுவில் வாசிக்கச் சொல்லுங்கள், செருப்பைக் கழட்டிவிட்டு நின்று கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் பேச்சைக் கேட்கிற ஆள் மாதிரிதான் தெரிந்தது.

கறுப்பியை விற்கவில்லை. சும்மாவும் வைக்கப்போவதில்லை. உங்கள் நினைவுக் கச்சேரியில் புதுப் பையன் அவளைத்தான் வாசிக்க வேண்டும் என்று கோபால் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். குழாயில் கேட்காதே என்று இழுத்தார். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும் என்றேன். அப்புறம் ஒவ்வொரு கச்சேரிக்கும் அவள் போவாள், அமாவாசைக்கு அமாவாசை வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு யாராவது வந்து அவளை வாசித்துவிட்டுப் போக வேண்டும், தப்பாக வாசித்தால் காலிலேயே தெரிந்துவிடும், விடமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கச்சேரியன்று மேடையின் ஓரத்தில் சரோஜாவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன். பட்டெல்லாம் கிடையாது, இருக்கிற நூல் புடவைதான். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்கு, வருதா என்று ஒரு தடவை கேளுங்கள். வருது என்று சொல்வதற்கு நான் நிற்பேன்.

உங்கள் மாமன் மகள்,
சிவகாமி,
பிள்ளையார்பாளையம்.