பாதியில் நின்ற ரவை

ஞாயிறு, ஒக்டோபர் 19

எங்கள் சுடும் கிளப்பில் என் கைக்கு மிஞ்சின கை கிடையாது. பத்துக்குப் பத்து. சரி, எட்டு. இன்று மூன்றாவது வெடியோடு பிஸ்டல் இறுகிவிட்டது. வீட்டில் ஈயம் உருக்கி நானே வார்த்த குண்டைத் தோட்டாவில் பொருத்திச் செய்த ரவை, குழலுக்குள் பாதி போய் நின்றது. பிஸ்டலின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அடித்து அதை உள்ளே தள்ளப் போனேன். கிளப் பொறுப்பாளர் கையைப் பிடித்து நிறுத்தினார். குழலைக் கழற்றி, என் பெட்டியிலிருந்த ரவைகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டுப் பார்த்தார். தானாக விழவேண்டிய சாமான். ஐந்தில் நான்கு விழவில்லை. குண்டு பருத்துப்போச்சு.

“வீட்டில் இப்படிப் போட்டுப் பார்த்தீரா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“எல்லாவற்றையும்,” என்றேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அது புதிதாகப் பழகுகிறவர்களின் வேலை என்று இருந்துவிட்டேன்.

அதே வார்ப்பில் நான் செய்து கொடுத்த ஐம்பது ரவை, பக்கத்து ஊர் புரோசார்டில் இருக்கிற செல்வம் அண்ணையிடம் இருக்கிறது. நாளை காலை அவர் சுடப் போகிறார். பாதியில் நிற்கிற ரவை வெடித்தால் கை போகும், கண் போகும். ஈயம் சரியில்லை, அச்சு சரியில்லை என்று இரண்டு மூன்று கதை கட்டிக்கொண்டுதான் போன் எடுத்தேன். அவர் குரல் கேட்டதும் ஒரு கதையும் வரவில்லை.

“அண்ணை, நான் ஒண்டையும் போட்டுப் பாக்கேல்லை. சுடாதேங்கோ.”

“ஓம் தம்பி, தெரியும்,” என்றார். “நீ தந்ததில ஒண்டையும் நான் ஒருநாளும் சுட்டதில்லை. எல்லாம் அலுமாரிக்க கிடக்கு.”

ஆறு வருடமாக, ஒவ்வொரு பெட்டிக்கும், “திறம் சாமான் தம்பி” என்று சொன்ன மனுசன்.