தூத்துக்குடிக்குச் சாப்பிடப் போகிறேன்

மார்கரெட் அக்கா,

செங்கல்பட்டில் முத்துநகர் ரயிலைப் பிடித்துத் தூத்துக்குடிக்குப் போகிறேன். சாப்பிட மட்டும்தான். திங்கட்கிழமை காலை வந்துவிடுவேன்.

"பொண்டாட்டி செத்து ஆறு மாசம் ஆவல, மீன் துன்ன ரயிலேறிப் போறியா? ஊர் இன்னாடா சொல்லும்?" என்று நேற்றுக் கேட்டாய். அந்த ஊர்தான் நாளை எனக்குப் பெண் பேச வருகிறது. பெண் பேசலாம், மீன் தின்னக் கூடாது. நல்ல நியாயம்.

வருகிறவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லாதே. மீன் தின்னப் போயிருக்கிறான் என்றே சொல். எதிர்வீட்டுக் கல்யாணி அம்மா இரக்கப்பட்டு அனுப்பிய சாம்பார் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதை அவர்களுக்கு ஊற்று.

அவர்கள் கண்ணில் படாமலிருக்க நீ பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த என் ஜாக்குலின் படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். கழற்றாதே.

ஸ்டீபன்

இன்னொன்று. அவள் போனதிலிருந்து நாக்கில் எதுவும் தெரிவதில்லை. நீ உப்புப் போட மறந்த குழம்பைக்கூட நன்றாயிருக்கிறது என்றேன். என் தட்டை யாரும் உற்றுப் பார்க்காத ஊரில் உட்கார்ந்து தின்று பார்க்கிறேன். ருசி தெரிந்தால் உனக்கு அந்த ஊர் முந்திரி மக்ரூன் வாங்கி வருவேன். வெறுங்கையோடு வந்தால் ஒன்றும் கேட்காதே.