பால் கறக்கும் நேரத்தில் போன மரம்

இன்று காலை எங்கள் மாடிப்படிக் கைப்பிடிக்கு நீலப் பெயின்ட் அடிக்க ஆள் வந்துவிட்டான். கதவைத் திறந்ததும் அந்த எண்ணெய்ப் பெயின்ட் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், தலைவலி வரும் என்றான். எனக்கு எங்கே தலைவலி வருகிறது! அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கிழவிக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். மயக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. நான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார்ல்ஸ்ரூஹேக்கு வருவதற்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கத்தில், நாம் இருந்த அந்தக் கிராமம் கண்முன் வந்து நின்றது. என் கணவரும் நீயும் மூனிக் நகரத்துக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தீர்கள். அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு பண்ணை வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒற்றை அறையில் நீ. பின்கட்டில் வீட்டுக்காரரின் குடும்பமும் அவருடைய மாடுகளும். நான் கும்பகோணத்துக்காரி, வாயைத் திறக்க யோசிப்பவள். நீ நாகர்கோவில்காரி, வாயை மூட யோசிப்பவள். தபால்காரரோடு சண்டை, பால் சங்கத்துக்காரரோடு சண்டை, மறுநாளே அவர்களோடு சிரிப்பு. இவள் எங்களை வீட்டை விட்டுத் துரத்த வைத்துவிடுவாள் என்று என் கணவரிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். "இரண்டு வருஷம்தான், அப்புறம் ஊருக்குப் போய்விடுவோம்." ரொட்டிக் கடையில் சொல்வேன், தேவாலய வாசலில் சொல்வேன், குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸிடமும் சொல்வேன். உனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏட்டி, ஒங்கிட்ட யாரு கேட்டா? டிக்கெட்டக் கையில வச்சுட்டு நிக்குத மாதிரியில்லா பேசுத" என்பாய்.

அந்த ஊரின் மே மாத மரத்தைப் பற்றி முதலில் நமக்குச் சொன்னவர் வீட்டுக்காரர்தான். சில வருஷங்களுக்கு ஒரு முறை காட்டிலிருந்து பெரிய மரம் ஒன்றை வெட்டிவந்து, பட்டையை உரித்து, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, மே முதல் தேதி ஊர் நடுவில் நிறுத்துவார்கள். அதுவரை கொட்டகையில் வைத்து விடிய விடியக் காவல். ஏனென்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் அதைத் திருடலாம். திருடலாம் என்பதுதான் வழக்கமே! அடிதடி கூடாது, மரத்தில் ரம்பம் படக்கூடாது. ஊர் எல்லையில் பெயர் எழுதி வைத்திருக்கும் மஞ்சள் பலகையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டால் மரம் அவர்களுடையது. பீரும் இறைச்சியும் கொடுத்து விருந்து வைத்துத்தான் மீட்க வேண்டும். ஆனால் பலகையைத் தாண்டும் முன்னால் ஊர்க்காரர் ஒருவர் மரத்தின்மேல் கையை வைத்து, மரம் இங்கேயே இருக்கும் என்று சொல்லிவிட்டால், திருட வந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இதையெல்லாம் அந்த மனிதர் ஏதோ நாட்டுச் சட்டத்தை விளக்குவதுபோல் விளக்கினார். போன தடவை மரம் பறிபோயிருந்தது. அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் அவரைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம், மரம் சௌக்கியமா என்று கேட்டு மானத்தை வாங்கியிருக்கிறார்கள்.

கதையைக் கேட்டதும் நீ சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் காவலில் ஒரு நாள் முறை கொடுங்கள் என்று கேட்டாய். அவர் சிரித்தார். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை, அதுதான் உன்னை இன்னும் சுட்டது.

"இது ஊர்க்காரங்க வேலை, ஃப்ராய்லைன் டாக்டர். நீங்க நிம்மதியாத் தூங்குங்க." ஃப்ராய்லைன் என்றால் அவர்கள் பேச்சில் மிஸ்.

அன்று என் சமையலறைக்கு வந்து, நான் சாம்பாருக்கு எடுத்து வைத்திருந்த வெங்காயத்தையெல்லாம் நறுக்கித் தள்ளினாய். நான்கு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், போன கோடையில் மழைக்கு முன்னால் காய்ந்த புல்லை ஏற்ற ஆள் போதவில்லை என்றபோது என்னைத்தானே கூப்பிட்டார்கள் என்று பொருமினாய். நாம் விருந்தாளிகள்தானே, விடு என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"விருந்தாளிய எவனாம் வண்டி மேல ஏத்திவிட்டு புல்லு அடுக்கச் சொல்லுவானா?"

நறுக்கியதை அள்ளிச் சட்டியில் போட்டேன். சாம்பாரில் அன்று வெங்காயம்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு விடிகாலை. குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், ஒரே சிணுங்கல். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெளியே நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மரம் போய்க்கொண்டிருந்தது. படுத்த வாக்கில், ஓசையே இல்லாமல், நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை என்று நீண்டுகொண்டே போனது. வண்டிச் சக்கரங்களுக்குச் சாக்குச் சுற்றியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பையன்கள் மூச்சுக் காட்டாமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதி மரம் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

காவல்காரர்கள் எங்கே போனார்கள் என்கிறாயா? உனக்குத் தெரியாததா! பால் கறக்கப் போய்விட்டார்கள். விடிந்தால் மாடு காத்திருக்காது, அத்தனை பேரும் எழுந்து அவரவர் தொழுவத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்குமே பயம் கிடையாது. திருட வருகிறவனுக்கும் வீட்டில் மாடு இருக்குமே! அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் பக்கத்து ஊரில் ஒவ்வொருவராக மாட்டை விற்றுவிட்டு, பையன்கள் மூனிக்கில் கார்த் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கு விடிகாலையில் ஒரு வேலையும் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். இதையும் மரத்தையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நம் ஊரா, நமக்கென்ன, ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் என்று மனசு எல்லாக் கணக்கும் போட்டது. அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து நீ சைக்கிளில் வந்தாய். ராத்திரி முழுக்க லேபில் ரீடிங் எடுத்துவிட்டு, பெரிய ஆம்பளைக் கோட்டும் காதைச் சுற்றிய மஃப்ளருமாக. மஞ்சள் பலகை உனக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நீ ஒரு நிமிஷம் நின்றாய். பிறகு சைக்கிளைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, நடந்துவந்து, மரத்தின்மேல் வலது கையை வைத்தாய். அந்த ஊர்ப் பேச்சிலேயே, தெருவுக்கே கேட்கும்படி, மரம் இங்கேயே இருக்கும் என்றாய்.

வண்டி நின்றுவிட்டது.

அவர்களுடைய தலைவன் மீசை வைத்த நெட்டையன். தொப்பியைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் பேசினான். ஊர்க்காரர் கை வைத்தால்தான் செல்லும், வெளியூர்க் கை செல்லாது என்றான். நான் இங்கேதான் குடியிருக்கிறேன், ஊராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருக்கிறேன் என்றாய். பதிவது வேறு, ஊர்க்காரராக இருப்பது வேறு என்றான். சரி, யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள், அதுவரை நான் கையை எடுக்க மாட்டேன் என்றாய். அவர்களும் தள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், நல்ல திருடர்கள்.

நான் நைட்டியின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, குழந்தையோடு பின்கட்டுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அத்தனையும் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. மரம், மரம் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரர் முழங்கால் வரை பூட்ஸோடு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். மற்ற தொழுவங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

இவர் உங்கள் ஊரா, நீங்கள் சொன்னால் விட்டுவிட்டுப் போகிறோம் என்று நெட்டையன் அவரைக் கேட்டான்.

ஆமாம் என்று சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்? மரம் மிச்சமாகும், மானமும் மிச்சமாகும். வாயைத் திறந்தார். நீ விடவில்லை. உள்ளங்கையைத் தூக்கி, விரல் நுனிகளை மட்டும் மரத்தின்மேல் வைத்துக்கொண்டு பேசினாய். ஜெர்மனில்தான் பேசினாய். என் காதில் மட்டும் அது நாகர்கோவில் தமிழாகவே விழுந்தது.

"அவசரத்துக்குச் சொல்லாதீங்க. மரம் கொட்டகைக்குள்ள போன பெறவும் நான் இந்த ஊர்க்காரிதானா? அத யோசிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா கைய எடுத்துருவேன்."

அடிப்பாவி! அத்தனை பேரும் உன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதி கறந்த மாடுகள் தொழுவத்தில் கத்திக்கொண்டிருந்தன. அந்தப் பெரிய மனிதரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு தணிந்தது. அவர் உன்னைப் பார்க்காமல் பக்கத்து ஊர்ப் பையன்களைப் பார்த்துச் சொன்னார்.

"இவ காவலுக்கு வரேன்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். தப்பு என்னுது. இன்னிக்குக் காவல்ல இருந்தது இவ ஒருத்திதான், நாங்க எல்லாரும் மாட்டுக்குப் போயிட்டோம்."

பிறகு உன் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவையும் உனக்கு முறை உண்டு. வருவியா?"

"வாறேன்" என்றாய். உள்ளங்கை முழுசாக மரத்தின்மேல் இறங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என்னைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தான்.

நெட்டையன் முதலில் உன்னிடம்தான் கை கொடுத்தான். அப்புறம் திருட வந்தவர்களே மரத்தைத் திருப்பித் தள்ளிக்கொண்டுவந்து கொட்டகையில் விட்டார்கள். விருந்து கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் பசியோடு அனுப்ப முடியுமா என்று வீட்டுக்காரர் மனைவி ரொட்டியும் பன்றித் தொடையும் அறுத்து வைத்தார். நீ பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, யாருக்கும் இடம் விடாமல் சாப்பிட்டாய். பெயின்ட் சரியாகக் காயாமல் உன் கையெல்லாம் நீலம். அதைக் கழுவாமலே மறுநாள் லேபுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் காட்டியிருக்கிறாய். என் கணவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மே முதல் தேதி, கிரேன் எதுவும் இல்லாமல், இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்த நீளக் கம்புகளை முட்டுக் கொடுத்து மரத்தை நிமிர்த்தினார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். அந்த வரிசையில் பெண்பிள்ளை என்று நீ ஒருத்தி. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸ்! ஒவ்வொரு முட்டுக்கும் மரம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. நிமிர்ந்து நின்றதும் பேண்டு வாத்தியம் கிளம்பியது. பக்கத்து ஊர்க்காரர்களே முதலில் கை தட்டினார்கள். நீ கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, அங்கே நின்று என்ன பார்க்கிறாய், வா என்று கத்தினாய். குழந்தையைக் காட்டித் தலையாட்டிவிட்டேன். குழந்தை நன்றாகத்தான் இருந்தான்.

பிறகு நாங்கள் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்துவிட்டோம். ஊருக்குப் போகும் பேச்சு அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தேய்ந்து நின்றே போயிற்று. நீ அங்கேயே இருந்துவிட்டாய். அந்த ஊரை அரசாங்கம் பக்கத்து ஊரோடு இணைத்தபோது, மஞ்சள் பலகையில் அவர்கள் பெயர் பெரிதாகவும் நம் பெயர் சின்னதாகவும் போட்டார்கள் என்று போனில் ஒரு மணி நேரம் திட்டினாய். கடைசியில் சிரித்தாய். பலகைக்குத்தான் இணைப்பாம், மரத்துக்கு இல்லையாம், இன்னும் திருட வருகிறார்களாம். பால் கறக்கும் நேரக் காவல் நிரந்தரமாக உனக்கென்றே ஆகிவிட்டதாம்.

போன இலையுதிர்காலத்தில் உன்னை அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். நான் ரயிலேறி வந்தேன். இரண்டு ஊர்க் கொடிகளும் வந்திருந்தன, பேண்டும் வந்திருந்தது. ஜெபம் முடிந்ததும் மண் போட ஊர்க்காரர்கள் முதலில் வரிசையில் போனார்கள், வெளியூர்க்காரர்கள் வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். என் பக்கத்தில் தடியூன்றிய நெட்டைக் கிழவர் ஒருவர் நின்றார். மீசை வெளுத்திருந்தது, ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. குனிந்து, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க இந்த ஊரா, இல்ல என்னை மாதிரி வெளியூரா?"

இரண்டு வருஷம்தான் இருப்போம் என்று அந்த ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அந்த ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் கேளடி, அந்தப் பதில் இந்த முறை என் வாயில் வரவே இல்லை.

"இந்த ஊர்தான்" என்றேன்.

அவர் விலகி வழி விட்டார். நான் ஊர்க்காரர்களோடு வரிசையில் போய், உன் மேல் மண் போட்டேன்.